போர்டில் ‘பேங்க்’ என்று இருந்தால் போதுமா?

ஸ்டேட் வங்கியானாலும் தனியார் வங்கியானாலும், தமிழ்நாடு கிராம வங்கியானாலும், புதிதாக முளைத்த சிறு நிதி வங்கியானாலும், டெபாசிட் காப்பீடு ஒன்றுதான்: ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். இதில் வட்டியும் அடக்கம். 4,90,000 போட்டு வட்டியோடு 5,25,000 ஆகியிருந்தால், வங்கி முடங்கும்போது மேலே உள்ள 25,000-க்குக் காப்பீடு கிடையாது. அதே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வங்கியையே மாற்றிப் போடுங்கள்.

சிறு நிதி வங்கிகளில் வட்டி கொஞ்சம் கூடக் கிடைப்பது வழக்கம். 5 லட்சத்துக்குள் நிறுத்திக்கொண்டால் தைரியமாகப் போடலாம் என்பது என் கட்சி.

பேமென்ட்ஸ் பேங்க் பால்காரருக்கும் கரண்ட் பில்லுக்கும் பணம் அனுப்பத்தான். 2 லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது; கடனும் தராது.

கூட்டுறவில்தான் குழப்பம். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நகரக் கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் உரமும் பயிர்க்கடனும் தரும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. ‘நிதி’ என்று பெயர் முடியும் கம்பெனிகளுக்கும் அப்படியே. பணம் கட்டும் முன் உரிமத்தைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.