நட்டு கழலலைன்னா, முதல்ல கையை எடுங்க!



போன வருஷம் என் ரூம்மேட் அவங்க அப்பாவோட பைக்கை ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்தான். சைலன்சர் கேஸ்கட் போய் "பட பட"ன்னு ஒரே சத்தம். "ரெண்டே ரெண்டு நட்டுதானே, நாமளே கழட்டிடலாம்டா"ன்னு நான்தான் சொன்னேன். மெக்கானிக்கல் படிக்கிறோம்ல, அந்தத் திமிர்!

முதல் நட்டுல அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டோம். மூணாவது முறை வழுக்கினப்போ ஆறு மூலையும் மழுங்கி நட்டு மொட்டையாயிடுச்சு. ரெண்டாவது நட்டுக்கு ரிங் ஸ்பேனர் போட்டு, அது மேல ஒரு பைப்பைச் செருகி அழுத்தினோம். ரொம்ப சுலபமா திரும்புச்சு. ஆனா திரும்பினது நட்டு இல்ல. ஸ்டட் ரெண்டா முறிஞ்சு கையில வந்துடுச்சு.

மொட்டையான நட்டைப் பட்டறை அண்ணன் பத்து நிமிஷத்துல கழட்டிட்டார். முறிஞ்ச ஸ்டட்டுக்கு ஹெட்டையே இறக்க வேண்டியதாப் போச்சு. மூணு நாள் அவங்க அப்பா வேலைக்கு பஸ்ஸுல போனார். திட்டவே இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அண்ணன் மட்டும் ஒண்ணு கேட்டார்: "தம்பி, அந்த நட்டைப் பிடிச்சிட்டு இருந்தது எதுன்னு பாத்தீங்களா?"

பாக்கல. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

நட்டு ஏன் நிக்குது?

நட்டை முறுக்கும்போது போல்ட்டை ஒரு ஸ்பிரிங் மாதிரி இழுக்கிறோம். அந்த இழுவிசைதான் ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்குது. அமெரிக்காவுல டான் வெஸ்ஸன்னு ஒரு ரிவால்வர் இருக்கு. அதுல குழலையே கழட்டி மாத்தலாம். குழலோட ஒரு முனை ஃபிரேம்ல மரையேறும். மேல ஒரு உறையைப் போட்டு, வாய்ப்பக்கம் ஒரு நட்டை முறுக்கினா குழல் முழுசும் இழுபட்டு விறைப்பா நிக்கும். அதாவது அங்க குழலேதான் போல்ட்டு! அந்த நட்டும் கரியும் அழுக்கும் சேர்ந்து இறுகும். அதுக்குன்னு செஞ்ச ரெஞ்சை விட்டுட்டு இடுக்கியால திருப்பினா அதுவும் மொட்டையாகும். துப்பாக்கியோ சைலன்சரோ, கணக்கு ஒண்ணுதான்.

இப்போ நம்ம சைலன்சர் ஸ்டட்டுக்கு வருவோம். எம் 6 மரை, 10 மி.மீ. ஸ்பேனர். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச சூத்திரம் ஞாபகம் இருக்கா?

டார்க் = 0.2 × இழுவிசை × விட்டம்

10 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தா, இழுவிசை சுமார் 8,300 நியூட்டன். கிட்டத்தட்ட 850 கிலோ எடையை அந்தச் சின்னக் கம்பி தாங்குது. இன்னொண்ணு: நாம கொடுக்கிற டார்க்குல தோராயமா 50 சதவீதம் நட்டு அடிப்பக்க உராய்வுக்கும், 40 சதவீதம் மரை உராய்வுக்கும் போயிடும். இழுக்கிறதுக்கு மிஞ்சுறது 10 சதவீதம்தான். நட்டு கழலலைன்னா உராய்வு ஏறிடுச்சுன்னு அர்த்தம். நம்ம பலம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

பைப் கணக்கையும் போட்டுடுவோம். 15 செ.மீ. ஸ்பேனர்ல 7 கிலோ அளவுக்கு அழுத்தினா சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதே அழுத்தத்தை 60 செ.மீ. பைப் நுனியில கொடுத்தா 40-ஐத் தாண்டும். எம் 6 ஸ்டட் அதுக்கு முன்னாடியே முறிஞ்சிடும். சின்ன நட்டுக்குச் சின்ன ஸ்பேனர் செஞ்சிருக்கிறது நம்ம கையைக் கட்டுப்படுத்தத்தான்.

பிடிச்சிருக்கிறது எது?

துரு: இரும்பைவிட துரு பல மடங்கு இடம் பிடிக்கும். மரை இடுக்குல அதுவே ஆப்பு மாதிரி இறுகிடும்.

ரெண்டு உலோகம்: அலுமினியத்துல எஃகு ஸ்டட், நடுவுல மழைத்தண்ணி. மின்வேதி அரிப்பு நடந்து அலுமினியம் வெள்ளையா பூத்து ஒட்டிக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: வேகமா முறுக்கினா மரையும் மரையும் உரசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்படி ஒட்டினா பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கணும்.

மரைப்பசை: சிவப்பு ரகம் போட்டிருந்தா சுமார் 250 டிகிரி சூடு காட்டாம விடாது.

இடது மரை: சைக்கிளோட இடது பெடல், பெஞ்ச் கிரைண்டரோட இடது சக்கர நட்டு இதெல்லாம் எதிர்த்திசையில கழலும். நீங்க கழட்டுறதா நினைச்சு இறுக்கிட்டு இருக்கலாம்!

வரிசை மாறாம செய்யுங்க

1. வெளியே தெரியுற மரையைக் கம்பி பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. நட்டு அந்த வழியாத்தானே வெளியே வரணும்? அங்க துரு இருந்தா பாதியில மறுபடியும் சிக்கும்.

2. துரு நீக்கி எண்ணெய் அடிச்சுட்டுக் காத்திருங்க. நுண்துளை விசையால அது மெதுவா உள்ளே ஊறும். அடிச்ச அஞ்சாவது நிமிஷம் ஸ்பேனரை எடுத்தா எண்ணெய் வேஸ்ட். சாயங்காலம் அடிச்சுட்டுக் காலையில வாங்க. நடுவுல ஒருமுறை திரும்ப அடிங்க.

3. நட்டோட பக்கவாட்டுல சின்ன சுத்தியலால லேசா தட்டுங்க. எதிர்ப்பக்கம் ஒரு கனமான இரும்பை முட்டுக் கொடுங்க, இல்லன்னா ஸ்டட் வளைஞ்சிடும். ஒவ்வொரு தட்டுலயும் துரு கொஞ்சம் உடையும், எண்ணெய் கொஞ்சம் இறங்கும். ஸ்டட் நுனியில மட்டும் அடிக்காதீங்க, மரை நசுங்கிடும்.

4. ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போடுங்க. அது பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை ரகம் மூலைகிட்ட பிடிக்கும், சீக்கிரம் மழுக்கிடும். அட்ஜஸ்டபிள் பக்கம் போகவே வேணாம்.

5. முதல்ல ஒரு துளி இறுக்குற பக்கம், அப்புறம் கழட்டுற பக்கம். அசைஞ்சதும் ஒரேடியா சுத்தாதீங்க. கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, மறுபடி எண்ணெய். நட்டு கிறீச்சுன்னு கத்தினா நிறுத்துங்க.

6. இதுக்கும் மசியலைன்னா சூடு. நட்டை 200 டிகிரி சூடேத்தினா, 6 மி.மீ. துளை 6 × 0.000012 × 200, அதாவது சுமார் 0.014 மி.மீ. விரியும். தலைமுடி தடிமன்கூட இல்ல. ஆனா துருவோட பிடியை உடைக்க அது போதும். சூடு நட்டுக்குத்தான், ஸ்டட்டுக்கு இல்ல. ஸ்டட்டும் சேர்ந்து விரிஞ்சா பலன் பூஜ்யம். சுட்ட நட்டுல மெழுகுவத்தியைத் தொட்டா மெழுகு உருகி மரைக்குள்ள இறங்கும், அதுவே எண்ணெய் வேலை பார்க்கும்.

சூடு வைக்கிறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்க்கைக் கழட்டித் தூரமா வைங்க. அடிச்ச எண்ணெயை நல்லாத் துடைங்க. பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல நெருப்பே கூடாது. சில ரகங்கள்ல குளோரின் சேர்மம் இருக்கும், சூடானா விஷப்புகை வரும். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

மொட்டையாயிடுச்சா?

10 மி.மீ. நட்டு லேசா மழுங்கியிருந்தா, 3/8 இஞ்ச் பாக்ஸை எடுங்க. அது 9.525 மி.மீ. லேசா தட்டி ஏத்தினா கச்சிதமா கவ்வும். எங்க நட்டுக்கு அண்ணன் செஞ்சது இதுதான். ரொம்ப மழுங்கியிருந்தா எதிரெதிர் ரெண்டு பக்கத்தை அரத்தால ராவி, சின்ன சைஸ் ஸ்பேனருக்குப் பக்கம் உண்டாக்கலாம். அதுவும் முடியலைன்னா நட்டு மேல இன்னொரு நட்டை வெல்டு வைப்பாங்க. பிடிக்க ஆறு புதுப் பக்கம், கூடவே வெல்டிங் சூடு.

கடைசி வழி, நட்டையே பிளக்கிறது. மரையைத் தொடாம ஒரு பக்கத்தை நீளவாக்குல அறுத்து, உளியால விரிச்சா நட்டு பிரிஞ்சு வந்துடும். நட்டு சில ரூபாய், ஹெட் பல ஆயிரம். எதைக் காப்பாத்தணும்ங்கிறதை முதல்லயே முடிவு பண்ணுங்க.

எங்க நிறுத்தணும்?

ஸ்பேனர்ல ஒரு மாதிரி "மெத்து"ன்னு உணர்வு வரும். விசை ஏறாம கோணம் மட்டும் ஏறும். மெட்டீரியல் லேப்ல இழுவிசைச் சோதனையில யீல்டு பாயிண்ட் பாத்திருப்பீங்களே, அதுதான் இப்ப உங்க கையில! ஸ்டட் முறுகுது. அங்கேயே நிறுத்துங்க. அன்னைக்கு எனக்கும் அந்த "மெத்து" தெரிஞ்சுச்சு. கழலுதுன்னு நினைச்சு இன்னும் அழுத்தினேன்.

முறிஞ்சே போச்சுன்னா, நடுவுல சென்டர் பஞ்ச் வைச்சு துளை போட்டு எடுக்கிறது பட்டறை வேலை. 'ஈஸி அவுட்'டை நம்பி வீட்டுல இறங்காதீங்க. அது கடினமான எஃகு. உள்ளே உடைஞ்சா சாதாரண டிரில் பிட்டால அதைத் துளைக்கவே முடியாது.

திரும்ப மாட்டும்போது

புது நட்டு போடுங்க. சூடு பட்ட ஸ்டட்டையும் மாத்துங்க, ஏன்னா அதோட பலம் போயிருக்கும். மரையில கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவுங்க. மேனுவல்ல இருக்கிற டார்க் உலர்ந்த மரைக்குன்னா, கிரீஸ் போட்டதுக்கு அப்புறம் கால்வாசி குறைச்சுக்கோங்க. உராய்வு குறைஞ்சா அதே டார்க்குல இழுவிசை ஏறிடும், மேல போட்ட சூத்திரம்தான். அடுத்து கழட்டப்போறவர் யாரோ, அவர் உங்களுக்கு நன்றி சொல்லுவார்.

அந்த பைக் இப்பவும் ஓடுது. போன மாசம் அவங்க அப்பா போன் பண்ணி, "தம்பி, செயின் கவர் நட்டு ஒண்ணு கழலமாட்டேங்குது, வந்து பாக்கிறியா?"ன்னு கேட்டார். எண்ணெய் பாட்டிலை எடுத்துட்டு முந்தின நாள் சாயங்காலமே போயிட்டேன். அடுத்த நாள் காலையில, ரெண்டு விரல் அழுத்தத்துல, நட்டு கழண்டு வந்துச்சு.