சிறு விமானம் ஓட்டுகிறீர்களா? எண்ணெய் (எரிபொருள்) விஷயத்தில் சில குறிப்புகள்

ஜொகூரின் செடெனாக்கிலிருந்து தெற்கே குலாயைத் தாண்டினால் செனாய் விமான நிலையம். அந்தப் பக்கம் சிறு விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இவை உதவும். செடெனாக் வானில் எஞ்சின் நின்றுபோனால் கீழே செம்பனைத் தோட்டம், மின்கம்பி, நெடுஞ்சாலை. இறங்க நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

1. மீட்டர் முள்ளை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். டேங்க் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பாருங்கள். பார்த்தபின் மூடியை நீங்களே இறுக மூடுங்கள். மூடி தளர்ந்திருந்தால் பறக்கும்போது காற்று எண்ணெயை வெளியே உறிஞ்சிவிடும்.

2. டேங்கில் உள்ளதெல்லாம் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. செஸ்னா 172எஸ் சுமார் 212 லிட்டர் பிடிக்கும்; பயன்படுவது 201 லிட்டர்தான். கணக்கை அதில் போடுங்கள்.

3. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எது என்று கேட்டுத் தெளியுங்கள். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்குப் போட்டதால் தேவையில் பாதி எண்ணெயோடு கிளம்பி, நடுவானில் இரு எஞ்சினும் நின்று, கனடாவின் கிம்லி என்ற ஊரில் பழைய விமானத் தளத்தில் மிதந்தே இறங்கியது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

4. ஜொகூர் ஈரக்காற்றில், பாதி காலியான டேங்கில் இரவோடு இரவாக நீர் கோக்கும். எடை இடம் கொடுத்தால் மாலையிலேயே நிரப்பி வையுங்கள். காலையில் ஒவ்வொரு வடிகுழாயிலும் கொஞ்சம் பிடித்து, வெள்ளைப் பின்னணியில் பாருங்கள். நீர் கனமானது, நீல எண்ணெயின் அடியில் முத்துபோல் உருளும். கவனம்: கிண்ணம் முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் நீரும் எண்ணெயும் பிரியும் கோடே தெரியாது. அதனால் நிறத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

5. சிறு விமானங்களுக்கான ஏவ்கேஸ் 100எல்எல் நீலம். ஜெட் ஏ-1 நிறமற்றது அல்லது வெளிர்மஞ்சள். சந்தேகம் வந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்கள். ஏவ்கேஸ் ஆவியாகிவிடும், ஜெட் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

6. ஒரு டேங்க் நிறைய இருந்தும், டேங்க் மாற்றும் திருகு காலியான டேங்கில் நின்றதால் விழுந்த விமானங்கள் உண்டு. பைப்பர் செரோக்கி போன்றவற்றில் இடது டேங்க் அல்லது வலது டேங்க் மட்டுமே. இரண்டும் சேர்ந்து ஓடாது. அரை மணிக்கு ஒருமுறை நேரம் குறித்து, எண்ணெய் பம்பைப் போட்டு மாற்றுங்கள். தரையை நெருங்கும் நேரத்தில் மாற்றுவது ஆபத்து.

7. விமானக் கையேடு சொல்லும் எண்ணெய்ச் செலவு, காற்றோடு சேரும் எண்ணெய்க் கலவையைச் சரியாகக் குறைத்து ஓட்டினால்தான் பொருந்தும்.

8. பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் கையிருப்பு என்பது அமெரிக்க விதியின் குறைந்த அளவு. நம் ஊருக்கு அது போதாது. விடியற்காலையில் சுமத்ரா புயல்வரிசை, மதியத்தில் இடிமழை. ஒரு மணி நேர எண்ணெயை மிச்சம் வையுங்கள். செனாயில் இறங்க முடியாவிட்டால் மலாக்காவுக்குத் திருப்பிப் போகவும் கணக்கில் இடம் விடுங்கள்.

9. குறைந்துவிட்டால் கட்டுப்பாட்டு அறையிடம் தயங்காமல் 'மினிமம் ஃப்யூயல்' என்றும், நிலைமை மோசமானால் 'மேடே ஃப்யூயல்' என்றும் சொல்லுங்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே ஏவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானத்தின் விமானிகள் முன்னுரிமை மட்டுமே கேட்டார்கள். அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. எண்ணெய் தீர்ந்து விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள்.