அச்சாரமா, முன்பணமா?

நம்மவர் வீடுகளில் வீடு வாங்கும் பேச்சு எழுந்தால், "டெப்பாசிட் கட்டியாச்சா?" என்ற ஒரே கேள்விதான். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கட்டணங்கள் ஒளிந்திருக்கின்றன. தமிழிலோ அவற்றைப் பிரித்துச் சொல்ல அச்சாரம், முன்பணம் என இரு சொற்கள் உள்ளன.

தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்ததால், வீட்டுக்கு வரும் மலாய், ஆங்கிலப் பத்திரங்களை அப்பாவுக்கு விளக்குவது என் வேலை. அக்கா பழைய வீடொன்றை வாங்க முனைந்தபோதும் அப்படித்தான். விலை 300,000 வெள்ளி. வீட்டைப் பிடித்து வைக்க முகவர் கேட்டது 2 விழுக்காடு, அதாவது 6,000 வெள்ளி. இது அச்சாரம். விற்பனை கொள்முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது மேலும் 24,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 10 விழுக்காடே முன்பணம்.

"சேமநிதியில் எடுத்துக்கலாம்" என்றார் அப்பா. எடுக்கலாம்தான். ஆனால் ஊழியர் சேமநிதி வாரியம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தையும் கடன் ஒப்புதல் கடிதத்தையும் கேட்கும். முன்பணம் கட்டிய பிறகே அந்தப் பணம் கைக்கு வரும். அம்மாவின் நகை அடகுக்குப் போனது இந்த இடைவெளிக்காகத்தான்.

சரி, வங்கி கடனை மறுத்தால்? மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதிய வீட்டுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தப் படிவத்தின்படி, வருமானத் தகுதியின்மையால் கடன் கிடைக்கவில்லை எனச் சான்று காட்டினால், அவர் விலையில் 1 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை 30 நாளில் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தத்திற்கு முன் 'புக்கிங்' என்று பணம் வாங்கவும் கூடாது. இருந்தும் வாங்குகிறார்கள்! அப்படி வாங்கினால், வீட்டை ஒப்படைக்கும் காலக்கெடு அந்தப் பணம் கட்டிய நாளிலிருந்தே தொடங்கும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆகவே ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

பழைய வீட்டுக்கு இந்தப் படிவம் கிடையாது. முகவர் நீட்டும் தாளில் எழுதியிருப்பதுதான் பேசும். அக்காவிடம் வந்த தாளில், வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் விற்பவருக்கே என்றிருந்தது. கடன் மறுக்கப்பட்டால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அப்படி நேர்ந்தால் அச்சாரம் முழுதும் திருப்பித் தரப்படும் என்று சேர்க்கச் சொன்னேன். முகவர் முகம் சுளித்தார், விற்பவர் மறுக்கவில்லை. இருவர் கையொப்பமும் விழுந்த பிறகே அக்கா 6,000 வெள்ளியைக் கட்டினார். அதுவும் முகவரின் சொந்தக் கணக்கில் அல்ல, அவருடைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில்.