லயத்திலிருந்து எத்தனை நிமிடம்?

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஒரு கட்டைதாங்க" என்று சொல்லிவிடுவோம். அந்த ஒரு கட்டை ஏத்தமா, இறக்கமா என்று யாரும் கேட்பதில்லை. நிறைமாதக்காரிக்கு ராத்திரி வலி கண்டால், அந்தக் கணக்குத்தான் உயிர்க் கணக்கு. ஆகவே, இம்முறை நடைபாதைப் படம் வரையக் கற்றுக்கொள்வோம்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892இல் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி: 5 கிலோமீற்றர் நடக்க ஒரு மணித்தியாலம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும். ஒன்றரைக் கிலோமீற்றர் சமதரை என்றால் 18 நிமிடம். அதே தூரத்தில் 200 மீற்றர் ஏறினால் 38 நிமிடம். இதுவும் திடமான ஆளுக்குத்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இன்னும் கூடும்.

செய்யும் முறை:

1. பெரிய தாளில் லயங்கள், பீலி, பிள்ளைக்காம்பரா, பாடசாலை, கடை, டிஸ்பென்சரி, பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறிக்கவும்.

2. மக்கள் உண்மையில் நடக்கும் பாதையைக் கோடு போடவும். குறுக்குப் பாதையையும் விடக்கூடாது.

3. மணிக்கூட்டோடு நடந்து பார்க்கவும். ஒரு பள்ளிப் பிள்ளையும் ஒரு வயசாளியும் கூட வரட்டும். போக எத்தனை நிமிடம், திரும்ப எத்தனை நிமிடம் என்று தனித்தனியே எழுதவும். மழை நாளிலும் ஒரு தரம் நடக்கவும்.

4. வழுக்கும் படி, பாலமில்லாத ஓடை, குளவிக்கூடு, வெளிச்சமில்லாத இடம் ஆகியவற்றுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கவும்.

இப்போது படத்தைப் பாருங்கள். எந்த லயத்துப் பிள்ளை கூடுதலாக நடக்கிறது, எந்த இடத்தில் நாலு படி கட்டினால் எத்தனை குடும்பம் பிழைக்கும் என்பது தானாகத் தெரியும்.

"தோட்டத்துக்குள் எங்களால் செலவு செய்ய முடியாது" என்று முன்பு பிரதேச சபைகள் கைவிரித்ததுண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதன்பின் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்ய வழி உண்டு. ஆகவே படத்தின் ஒரு பிரதியைச் சபைக்கும், ஒன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுத்து, ஒன்றை நம் கையில் வைத்துக்கொள்வோம்.

"பாதை மோசமுங்க" என்றால் கேட்டுவிட்டுப் போவார்கள். "இந்த ஓடையால் இத்தனை பிள்ளைகளுக்குத் தினமும் இத்தனை நிமிடம் கூடுகிறது" என்று காட்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே நடக்கத் தொடங்குவோம்.