‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்றால் நோய் என்று பொருளா?

மூட்டு வலிக்காக எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் பலர், ஆய்வக முடிவுத்தாள் ஒன்றை முன்னதாகவே கையில் கொண்டு வருகின்றனர். ‘ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்’ அல்லது ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்ற வரியைக் கண்டு, வாழ்நாள் நோய் வந்துவிட்டதெனக் கலங்குவோர் உண்டு. மகளின் திருமணப் பேச்சையே நிறுத்திவைக்கும் பெற்றோரும் உண்டு. மாறாக, ‘நெகட்டிவ்’ என்றிருப்பதால் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தும் மாதக்கணக்கில் வாளாவிருப்போரும் உளர். பின்னவரைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி.

கிருமிகளை எதிர்க்க நம் உடல் உருவாக்கும் புரதங்கள் எதிர்ப்பொருள்கள் எனப்படும். அவற்றுள் சில, நம் உடலின் கூறுகளையே அயலானவை எனக் கருதி அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. இவையே தன்னெதிர்ப்பொருள்கள். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விந்தையான ஓர் உயிரணுவைக் கண்டனர். உயிரணுவின் உட்கருவை எதிர்க்கும் எதிர்ப்பொருளே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. அவ்வழியில் வந்ததே இன்றைய ஏ.என்.ஏ. பரிசோதனை.

லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ அனைவருக்கும் ஏ.என்.ஏ. காணப்படும். ஆனால் ஏ.என்.ஏ. உள்ள அனைவருக்கும் லூபஸ் இல்லை. முடிவுத்தாளில் உள்ள 1:80 என்ற குறிப்பு, இரத்தநீரை 80 மடங்கு நீர்க்கச் செய்த பின்னும் எதிர்ப்பொருள் தென்படுகிறது என்பதைக் காட்டும். 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், நலமாயிருந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 13 பேருக்கு இந்த அளவு இருந்தது. 1:160 அளவு 5 பேருக்கு இருந்தது. முகத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம், சிறுநீரில் புரதம் போன்ற அறிகுறிகள் சேர்ந்தால்தான் அவ்வெண்ணுக்குப் பொருள் உண்டு.

ஆர்.ஏ. ஃபேக்டரின் நிலையும் இதுவே. காசநோய், தொழுநோய், ‘சி’ வகைக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றிலும், முதியோர் சிலரிடத்தும் அது தென்படக்கூடும். முடக்குவாதம் உள்ளோரிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது தென்படுவதில்லை. ‘ஆன்டி சி.சி.பி.’ இதனினும் நம்பத்தக்கது. நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தோன்றவும் கூடும். புகைபிடிப்போருக்கு இது உருவாகும் வாய்ப்பு மிகுதி.

எனவே, தாளைப் பார்க்கும் முன் நாங்கள் சில கேள்விகளைக் கேட்கிறோம். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடந்து முடித்த மறுநாள் முழங்கால் வலிப்பது இயல்பு. ஓய்வில் அது தணியும். காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி நேரத்திற்கு மேல் விறைத்திருந்து, கோலப்பொடியைப் பிடிக்கவும் இயலாமல், வேலை செய்யச் செய்ய இளகினால் அது வேறு வகை. ஆறு வாரங்களாக இது தொடருமாயின், பரிசோதனை ‘நெகட்டிவ்’ ஆயினும் சிகிச்சை தேவைப்படலாம். காலம் தாழ்த்தினால் மூட்டு அரித்துக் கோணிவிடும்; அந்தக் கோணலை மருந்தால் நிமிர்த்த இயலாது. முடிவுத்தாளை மட்டும் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்பது, வீக்கத்தை மறைத்து நோயை இனங்காண விடாது செய்துவிடும்.

நோய் உறுதியான பின் ஏ.என்.ஏ.வை மாதந்தோறும் எடுப்பது வீண் செலவு. அதன் அளவு நோயின் ஏற்றத்தாழ்வைக் காட்டாது. லூபஸில் அதற்கு உதவுபவை ‘ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ.’வும், சி3, சி4 எனும் புரதங்களும், எளிய சிறுநீர்ப் பரிசோதனையுமே.

தொல்லை ஏதும் இல்லாவிடினும் புறக்கணிக்கலாகாத முடிவு ஒன்றுண்டு. கருவுற்ற, அல்லது கருவுற விரும்பும் பெண்ணின் தாளில் ‘ஆன்டி ரோ’ பாசிட்டிவ் எனக் கண்டிருந்தால், அதை மகப்பேறு மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். இது நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, நூற்றில் ஏறத்தாழ இரு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு நிலையாகக் குறைந்துபோகக் காரணமாகிறது. ஏனையோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதால் அச்சம் வேண்டா. முந்தைய குழந்தைக்கு இப்பாதிப்பு இருந்திருந்தால் இடர் கூடும். அத்தாய்மாருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அவ்விடரைக் குறைக்கிறது. கருவின் இதயத்தை எக்கோ மூலம் கவனிக்க வேண்டிய காலம் 16ஆம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.