கேமரா பையோடு விமானம் ஏறுமுன்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் புறப்படும் விமானங்களில் கல்யாணப் படம் எடுக்கப் போகும் குழு ஒன்றாவது அடிக்கடி கண்ணில் படும். மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே. படம் எடுப்பவர் மட்டும் நம்மூர்க்காரராக இருக்க வேண்டும் என்று இரு வீட்டாருக்கும் ஆசை. முகூர்த்தம் யாருக்காகவும் தள்ளிப் போகாது. லென்ஸ் வந்து பேட்டரி வராவிட்டாலும், பேட்டரி வந்து கேமரா வராவிட்டாலும் வேலை கெட்டதுதான். அதனால் பை கட்டும் வேலையைப் புறப்படும் நாள் இரவுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

கட்டும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பயணத்தில் எந்தக் கட்டத்திலும் அந்தப் பையை யாராவது உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளக் கூடும். எடை கூடுதல் என்று செக்-இன் கவுன்டரில் கேட்பார்கள். மேல் பெட்டியில் இடமில்லை என்று கேட்டில் கேட்பார்கள். விமானத்தின் வாசற்படியிலேயே கேட்பதும் உண்டு. அந்த நொடியில் பேட்டரியும் மெமரி கார்டும் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

பேட்டரி ஏன் நம்மோடு மேலேயே வர வேண்டும் என்பது புரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லித்தியம்-அயன் பேட்டரிக்குள் ஷார்ட் ஆனாலோ அடிபட்டாலோ அது தன் சூட்டிலேயே மேலும் சூடேறி, எரியும் வாயுவைக் கக்கி, பக்கத்து செல்லையும் பற்ற வைக்கும். விமானத்தின் அடிப்பகுதிச் சரக்கறையில் ஹேலான் வாயு தீயணைப்பு உண்டு. அது சுடரை அணைக்கும், ஆனால் செல்லுக்குள் ஏறும் சூட்டைத் தணிக்காது. பயணிகள் பகுதியில் புகை வந்தால் உடனே யாராவது பார்ப்பார்கள்; பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கப் பயிற்சி பெற்றவர்கள். 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து கிளம்பிய யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் பற்றிய தீயால் விமானம் விழுந்து நொறுங்கி, அதிலிருந்த இரு விமானிகளும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக அனுப்புவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுக்கத் தடை இருக்கிறது. ஸ்பேர் பேட்டரியைச் செக்-இன் பையில் போடாதே என்று கவுன்டரில் சொல்வதற்கும் இதே ஆபத்துதான் காரணம்.

முதலில் கணக்கு

எல்லா பேட்டரிகளையும் மேசையில் பரப்புங்கள். எம்.ஏ.ஹெச். எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. விமான விதி கேட்பது வாட்-ஹவர். பேட்டரி மீதே அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வோல்டேஜை எம்.ஏ.ஹெச்.-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சோனியின் என்.பி.-எஃப்.இசட்.100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 எம்.ஏ.ஹெச்.; பெருக்கினால் 16.4 வாட்-ஹவர். இந்த அளவில்தான் பெரும்பாலான கேமரா பேட்டரிகள் இருக்கும். கோடாக்ஸ் ஏ.டி.200 பிளாஷின் பேட்டரி 14.4 வோல்ட், 2900 எம்.ஏ.ஹெச்.; ஏறக்குறைய 42 வாட்-ஹவர். அதே நிறுவனத்தின் ஏ.டி.600 ப்ரோ பேட்டரி 28.8 வோல்ட், 2600 எம்.ஏ.ஹெச்.; 75 வாட்-ஹவரை ஒட்டி வரும். கையில் பிடித்தால் செங்கல் போல் கனத்தாலும் அதுவும் வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறது.

வரம்பு மூன்று படி. 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்காமல் கைப்பையில் எடுத்துப் போகலாம். 100-க்கு மேல் 160 வரை உள்ளதை, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, ஸ்பேராக இரண்டு மட்டும் கொண்டு போகலாம். 160-ஐத் தாண்டியது பயணியோடு ஏறவே முடியாது. வீடியோக்காரர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். வி-மவுன்ட் பேட்டரிகளில் 95, 98 வாட்-ஹவர் என்று எழுதியவை பல கிடைக்கும். விமானத்தை மனதில் வைத்துத்தான் அந்த அளவில் செய்கிறார்கள். பார்க்க அதே போல் இருக்கும் 190 வாட்-ஹவர் பேட்டரியை வாடகைக்கு எடுத்து விமான நிலையம் வரை போனால் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணிக்கையும் உண்டு. விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐயாட்டாவின் விதிப்படி ஒருவர் 20 ஸ்பேர் பேட்டரி வரை எடுத்துப் போகலாம். சில நிறுவனங்கள் அதற்கும் குறைவாக வைத்திருக்கின்றன. நான்கு பேர் போகும் குழுவில் எல்லா பேட்டரியையும் ஒருவர் பையில் திணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பகிர்ந்து வைத்தால் எண்ணிக்கைச் சிக்கலும் இல்லை, ஒரு பை தாமதமானால் மொத்த வேலையும் நிற்காது.

மலிவான மாற்று பேட்டரிகள் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் எம்.ஏ.ஹெச்.-ஐ மிகைப்படுத்தி அச்சிடும் பழக்கம் இருக்கிறது. சோதனையில் நிற்பவர் உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கப் போவதில்லை, எழுதியிருப்பதைத்தான் படிப்பார். எதுவுமே எழுதாத பேட்டரியும், வியர்வையில் எழுத்து அழிந்ததும் அதைவிடத் தொல்லை. லேபிள் மேல் ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பை ஒட்டிவிடுங்கள், எழுத்து நிற்கும். வீங்கியது, கீழே விழுந்து ஓரம் நசுங்கியது, சார்ஜ் போடும்போது வழக்கத்துக்கு மேல் சூடாவது ஆகியவற்றை வீட்டிலும் வைக்காதீர்கள், மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

டேப்பும் ஒரு சின்னப் பையும்

பேட்டரியின் ஒரு முனையில் தங்க நிறத்தில் நாலைந்து உலோகப் பட்டைகள் தெரியும். சட்டைப் பையில் கிடக்கும் சாவியோ சில்லறையோ அவற்றில் இரண்டைச் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரியோடு வந்த பிளாஸ்டிக் மூடி இருந்தால் போடுங்கள். பாதிப் பேரிடம் அது தொலைந்திருக்கும். அப்படியானால் எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பில் இரண்டு விரல் அகலம் வெட்டி, உலோகப் பட்டைகளை முழுக்க மூடி ஒட்டுங்கள். ஒரு நுனியை உள்பக்கமாகக் கொஞ்சம் மடித்துவிட்டால், மண்டபத்தில் அவசரமாக உரிக்க நகம் தேட வேண்டாம். நல்ல டேப் பசை விடாது. பசை பட்டைகளில் ஒட்டினால் சார்ஜர் தகராறு செய்யும். முழு சார்ஜ் உள்ளவற்றுக்குச் சிவப்பு டேப், தீர்ந்தவற்றுக்குக் கறுப்பு என்று வைத்துக்கொண்டால் அதே டேப் இன்னொரு வேலையும் செய்யும்.

டேப் ஒட்டிய பேட்டரிகளையும், பவர் பேங்கையும், கார்டு உறையையும் ஒரே ஜிப் பையில் போட்டு, கேமரா பையின் வெளி அறையில் வையுங்கள். லென்ஸ்களுக்கு அடியில் வைக்காதீர்கள். கேட்டில் பையை வாங்கும்போது வரிசை பின்னால் தள்ளும். ஊழியர் டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அந்த அவசரத்தில் பையைத் தரையில் விரித்து ஒவ்வொன்றாகத் தேடினால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். ஜிப் பையாக இருந்தால் இழுத்துத் தோளில் மாட்டிவிட்டுப் பையைக் கொடுத்துவிடலாம்.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. கேமராவுக்குள் இருக்கும் பேட்டரி கருவியின் பாகமாகக் கணக்காகும். அதையே வெளியே எடுத்துவிட்டால் அந்த நிமிடமே அது ஸ்பேர். அதனால் பிளாஷையோ பழைய பாடியையோ செக்-இன் பையில் போடுவதென்றால் பேட்டரியைக் கழற்றிக் கைப்பைக்கு மாற்றுங்கள். கழற்றியதை அதே செக்-இன் பையின் ஓரத்தில் செருகினால் எக்ஸ்ரேயில் தெரியும். பையை ஒதுக்கி வைத்து உங்களைக் கூப்பிடுவார்கள். அறிவிப்பு காதில் விழாமல் நீங்கள் ஏறிவிட்டால் பை திருச்சியில், நீங்கள் கோலாலம்பூரில்.

பவர் பேங்க் என்பது விதியின் கண்ணில் ஸ்பேர் பேட்டரிதான். 20,000 எம்.ஏ.ஹெச். என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-ஹவர், ஏற்கக்கூடியது. 30,000 எம்.ஏ.ஹெச். 111 ஆகி முதல் படியைத் தாண்டும், முன் ஒப்புதல் வேண்டும். 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென் கொரியாவில் பூசான் நகரின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானத்தின் மேல் பெட்டியில் தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சுட்டிக்காட்டியது. அதன் பிறகு ஆசிய நிறுவனங்கள் விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவோ சார்ஜ் போடவோ அனுமதிப்பதில்லை. மலேசிய நிறுவனங்கள் அதை மேல் பெட்டியில் வைக்காதே, இருக்கைக்கு அடியிலோ முன் உறையிலோ வை என்கின்றன. இந்த விதிகள் இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை, புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு முறை நிறுவனத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

ஏழு கிலோவுக்குள்

கணக்கைப் போட்டே பார்ப்போம். சோனி ஏ7 நான்காம் பதிப்பு பாடி பேட்டரியோடு 658 கிராம். இரண்டு பாடி 1,316. இரண்டாம் பதிப்பு 24-70 லென்ஸ் 695, அதே வரிசையின் 70-200 லென்ஸ் 1,045. இதற்கே மூன்று கிலோ ஆயிற்று. ஆறு ஸ்பேர் பேட்டரி அரைக் கிலோ. லேப்டாப், சார்ஜர், இன்னொரு லென்ஸ், பையின் சொந்த எடை என்று சேர்த்தால் ஏழு கிலோ போய்விடும். ஸ்கூட்டில் கைப்பைக்கு 10 கிலோ. ஏர் ஏசியாவிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் 7. டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இந்த மூன்று கிலோவையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

சக்கரம் வைத்த கடினப் பெட்டியைக் கைப்பையாகக் கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் பெட்டியே எடையின் பெரும் பங்கைத் தின்றுவிடும். துணியில் தைத்த இலேசான முதுகுப்பை போதும். பாடி, முக்கிய லென்ஸ்கள், பேட்டரி, கார்டு மேலே. டிரைபாட், லைட் ஸ்டாண்ட், குடை, சார்ஜர்கள், கேபிள்கள், பேட்டரி கழற்றிய பிளாஷ் கீழே, துணிமணிகளுக்கு நடுவே. ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ, சின்னக் கத்தி எல்லாம் கீழேதான். செக்-இன் பை தொலைந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணிக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். கணக்கு அலகு); ரூபாயில் இரண்டு லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஒரு நல்ல லென்ஸுக்கே அது போதாது. விலை உயர்ந்ததைக் கீழே போடுவதென்றால் காப்பீடு எடுத்துவிட்டுப் போடுங்கள்.

விமான நிலையத்தில்

கவுன்டருக்குப் போகுமுன் சுங்கத் துறை மேசைக்குப் போங்கள். திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்குப் பதில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட். பாடி, லென்ஸ்களின் சீரியல் எண்களை அச்சடித்த பட்டியலும் பில் நகலும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதிகாரி பொருளை நேரில் பார்த்து எண்ணைச் சரிபார்ப்பார் என்பதால், எதையும் செக்-இன் செய்யுமுன் இதை முடிக்க வேண்டும். பெரிய குழுவாக, பல லட்சம் மதிப்புள்ள கருவிகளோடு போகிறவர்கள் கருவிகளை வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாடு கொண்டு போய்வர உதவும் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் பற்றி விசாரிக்கலாம். இந்தியாவில் அதை ஃபிக்கி என்ற வர்த்தக சபை வழங்குகிறது. சம்பளத்துக்குப் படம் எடுக்க அந்த நாட்டில் என்ன அனுமதி தேவை என்பதை அழைத்த வீட்டாரை வைத்து முன்பே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் கேமரா, லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றையும் தட்டில் வெளியே வைக்கச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே ஜிப்பைத் திறந்து வையுங்கள். லென்ஸை பாடியிலிருந்து கழற்றி இரு பக்கமும் மூடி போட்டு வைத்தால் தட்டு மோதினாலும் மவுன்ட் தப்பிக்கும். மெமரி கார்டை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. ஃபிலிம் ரோல் அப்படியல்ல, புதிய சி.டி. ஸ்கேனர் வழியே ஒரு தடவை போனாலே பாழாகலாம். ரோல்களை உள்ளே இருப்பது தெரியும் கவரில் போட்டு, "சார், இதைக் கையால் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏ.டி.ஆர். விமானத்தில் போகிறவர்கள் கேட்டில் பை கேட்கப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த விமானத்தின் மேல் பெட்டி சின்னது. ஜிப் பையோடு ஒரு பாடியையும் ஒரு லென்ஸையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

திரும்பும் பயணத்தில் கார்டுகள்தான் எல்லாவற்றையும் விட விலை கூடியவை. மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை இன்னொருவர் பையில் வையுங்கள். கார்டுகளை ஊர் வந்து சேரும் வரை அழிக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த களைப்பில் பேட்டரிகளைக் கையில் கிடைத்த பையில் திணிக்கத் தோன்றும்; டேப்பை மறுபடி ஒட்டி, எண்ணிப் பார்த்து, அதே ஜிப் பையில் போடுங்கள். எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்டையும் அதிலேயே செருகினால் திருச்சியில் இறங்கிச் சுங்க வாயிலில் கேட்கும்போது உடனே எடுத்து நீட்டலாம்.