ஏற்றம் ஏறிய எஞ்சினை உடனே நிறுத்தாதீர்கள்

கடன்பட்டு வாங்கிய டர்போ லொறி, தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயாவுக்குச் சுமையோடு ஏறி வருகிறது. நின்றதும் சாவியைத் திருப்பிவிடுகிறோம், டீசல் மிச்சமாம்! டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலமே. எஞ்சின் நின்றால் ஒயில் ஓட்டமும் நிற்கும். சூடோ உடனே தணியாது. தேங்கிய ஒயில் கருகி, ஒயில் வழியை அடைக்கும். ஆகவே 2, 3 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பில்டர் இருக்கும் நிலையையும் பாருங்கள். அது படுக்கையாகவோ தலைகீழாகவோ இருந்தால், உள்ளே உள்ள றப்பர் வால்வுதான் இரவில் ஒயில் வடியாமல் காக்கும். வால்வு பழுதானால், காலையில் டர்போவுக்கு ஒயில் எட்டச் சில விநாடி பிந்தும். குளிரில் ஒயிலும் தடித்திருக்கும். ஒயில் விளக்கு அணைந்து அரை நிமிடமாவது கழியும்வரை அக்சிலேட்டரை அழுத்த வேண்டாம்.